புளிப்பில்லாத ஏழு நாளும் பிரிட்ஜில் இருந்த இட்லி மாவும்

எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து இஸ்ரவேலர் விடுதலையானதை நினைக்கும் பஸ்கா பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம். மும்பை சயான் கோலிவாடாவில் எங்கள் வீட்டு பிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மா நின்றுகொண்டிருந்தாள். நடுத்தட்டில் எவர்சில்வர் தூக்கு நிறைய இட்லி மாவு. முந்தின நாள் அரைத்தது. நன்றாகப் பொங்கி மூடியைத் தொட்டிருந்தது.

"இத என்னல செய்யணும்? கொட்டிரவா?"

இந்த வருஷம் புளிப்பில்லாத அப்பப் பண்டிகையை வீட்டில் ஆசரித்துப் பார்ப்போம் என்று ஆரம்பித்தவன் நான்தான். யாத்திராகமம் 12-ஆம் அதிகாரத்தை வாசித்தும் காட்டியிருந்தேன். புளித்தமாவை வீட்டைவிட்டு நீக்க வேண்டும், ஏழு நாளும் அது வீட்டில் காணப்படக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. எகிப்திலிருந்து அவசரமாகக் கிளம்பியவர்கள் பிசைந்த மாவைப் புளிக்கவிட நேரமில்லாமல் துணியில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். சரி. ஆனால் அரிசியும் உளுந்தும் சேர்த்து அரைத்த மாவைப் பற்றி மோசே ஒன்றும் சொல்லவில்லையே.

நான் யோசிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது. "அப்பொ ரசம்? புளி கரைக்காம எப்பிடில ரசம் வைக்க?"

அம்மாவின் கேள்வியை வேடிக்கை என்று தள்ள முடியாது. நம் வேதாகமத்தில் 'புளிப்பில்லாத' என்ற சொல்லைப் பார்க்கிற எவருக்கும் நாக்கில் முதலில் வருவது புளியின் ருசிதான். எபிரெயத்தில் இந்த இடத்தில் மூன்று சொற்கள் இருக்கின்றன. புளித்துப் பொங்கிய பண்டம் ஹாமேட்ஸ். அடுத்த மாவைப் புளிக்க வைக்க எடுத்து வைக்கும் பழைய மாவு செஓர். புளிக்காமல் சுட்ட அப்பம் மாட்ஸா. இதில் ஹாமேட்ஸ் என்பதன் வேரிலிருந்துதான் காடியை, அதாவது வினிகரை, குறிக்கும் ஹோமேட்ஸ் என்ற சொல்லும் வருகிறது. ஆக 'புளிப்பு' என்று எழுதிய நம் மொழிபெயர்ப்பாளர்கள் தப்பு செய்யவில்லை. ஆனாலும் யூதர்களின் சட்டப்படி விலக்கப்பட்டது புளிப்புச் சுவை இல்லை. கோதுமை, வாற்கோதுமை போன்ற ஐந்து தானியங்களின் மாவில் தண்ணீர் பட்டு, அது நொதிப்பதுதான் விலக்கு. தண்ணீர் ஊற்றிப் பிசைந்து 18 நிமிஷத்துக்குள் அடுப்பில் போட்டுவிட்டால் அது மாட்ஸா, தாண்டினால் ஹாமேட்ஸ். புளியங்காய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ரசம் தப்பித்தது.

அரிசி மாவுதான் சிக்கல். இதைப் பற்றி யூதர்களின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதிலேயே வாக்குவாதம் உண்டு. அங்குள்ள ரபீக்களில், அதாவது யூத வேத அறிஞர்களில், பெரும்பாலோர், அரிசி மாவு உண்மையில் புளிப்பதில்லை, கெட்டுத்தான் போகிறது, ஆகவே அது ஹாமேட்ஸ் ஆகாது என்கிறார்கள். இதைச் சொன்னதும் அம்மா என் மனைவி பக்கம் திரும்பினாள். "கேட்டியாம்மா, நம்ம மாவு புளிக்கலியாம், அழுகுதாம்!"

பிற்காலத்தில் ஐரோப்பாவின் அஷ்கனாசி யூதர்கள் அரிசி, பயறு வகைகளையும் பஸ்கா வாரத்தில் விலக்கினார்கள். மத்திய தரைக்கடல் பக்கத்து செபார்டி யூதர்கள் விலக்கவில்லை. நம் மும்பையில் வாழும் பெனே இஸ்ரவேலர் என்ற யூதர்களும் அரிசி சாப்பிடுகிறவர்கள்தான். சட்டம் பார்த்தால் இட்லி மாவு பிரிட்ஜிலேயே இருக்கலாம். எனக்கென்னவோ மனசு ஒப்பவில்லை. 'பழைய புளித்தமாவைப் புறம்பே கழித்துப்போடுங்கள்' என்ற வசனத்துக்குத் தமிழ் அடுக்களையில் ஒரு பொருளைக் காட்டு என்றால் நான் அந்தத் தூக்கைத்தானே காட்டுவேன்? கீழ்வீட்டு மலையாளி சேச்சியிடம் கொடுத்துவிட்டோம். அவர்கள் பங்குக்கு அவர்கள் ஒரு கதை சொன்னார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

இயேசுவை விசுவாசிக்கிறவன் இதையெல்லாம் ஏன் செய்ய வேண்டும்? சபையில் என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. இதைச் செய்கிறவர்களும் ஒரே ரகம் இல்லை. பிறப்பால் யூதர்களாக இருந்து இயேசுவை மேசியாவாக ஏற்றுக்கொண்டவர்களுக்கு இது பிறந்த வீட்டுப் பண்டிகை. 1880-களில் கிஷினேவ் நகரில் ஜோசப் ரபினோவிட்ஸ் என்ற யூதர் இப்படி ஒரு சபையையே தொடங்கினார். வேறு சிலர் யூதர்கள் அல்ல. நம்மைப் போலப் புறஜாதியார்தான். புதிய ஏற்பாட்டைச் சரியாகப் புரிந்துகொள்ள இந்தப் பண்டிகைகள் உதவுகின்றன என்று ஆசரிக்கிறார்கள். மூன்றாவதாக, இது கட்டளை, செய்யாவிட்டால் கீழ்ப்படியாமை என்று சொல்கிறவர்கள். நான் இரண்டாம் கூட்டம். மூன்றாம் கூட்டத்தோடு எனக்குச் சண்டை உண்டு.

ஆண்டவர் இந்தப் பண்டிகைகளுக்கு நடுவில்தான் வாழ்ந்தார் என்பதை மறுக்க யாராலும் முடியாது. யோவான் சுவிசேஷத்தைப் பண்டிகைப் பட்டியல் போலவே வாசிக்கலாம். 7-ஆம் அதிகாரத்தில் கூடாரப்பண்டிகை. அதன் ஏழு நாளும் சீலோவாம் குளத்திலிருந்து தண்ணீர் மொண்டு வந்து பலிபீடத்தில் ஊற்றுவார்கள். அது தெரிந்தால்தான் பண்டிகையின் கடைசி நாளில் எழுந்து நின்று 'ஒருவன் தாகமாயிருந்தால் என்னிடத்தில் வந்து பானம்பண்ணக்கடவன்' என்று அவர் சத்தமிட்டது ஏன் என்று உறைக்கும். 10-ஆம் அதிகாரத்தில் தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகை. அப்போது மாரிகாலமாயிருந்தது என்று ஒரு சின்ன வாக்கியம். அதுதான் ஹனுக்கா. மோசேயின் கட்டளையில் இல்லாத பண்டிகை அது. மக்கபேயர் காலத்தில் வந்தது. அதற்கும் அவர் ஆலயத்துக்குப் போயிருக்கிறார்.

அப்போஸ்தலருக்குப் பின்னும் இது சட்டென்று நின்றுவிடவில்லை. ஆசியா மைனரின் சபைகள் எபிரெய நாட்காட்டியின் நிசான் மாதம் 14-ஆம் தேதியிலேயே, அது எந்தக் கிழமையானாலும், பஸ்காவை ஆசரித்தன. ரோமாபுரியில் ஞாயிற்றுக்கிழமைதான். சுமார் 155-இல் ஸ்மிர்னாவின் பாலிகார்ப் ரோமுக்குப் போய் அங்குள்ள ஆயர் அனிசேத்துவோடு இதைப் பேசினார். இருவரும் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் சேர்ந்து நற்கருணை எடுத்துவிட்டு சமாதானமாகப் பிரிந்தார்கள். (இந்த ஒரு காட்சியை நம் சபைக் கமிட்டிக் கூட்டங்களில் வாசித்துக் காட்டலாம்.) 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் சங்கம் ஞாயிறு என்றே முடிவு செய்தது. அப்படியும் ஜனங்கள் விடவில்லை. 386, 387 ஆண்டுகளில் அந்தியோகியாவில் யோவான் கிறிசோஸ்தோம், யூதப் பண்டிகைகளுக்குப் போகிற கிறிஸ்தவர்களைத் திட்டித் தொடர் பிரசங்கமே செய்தார். அதே நூற்றாண்டின் லவோதிக்கேயா சங்கம், யூதர்களிடமிருந்து புளிப்பில்லாத அப்பம் வாங்காதே என்று விதி போட்டது. வாங்கிக்கொண்டிருந்தவர்கள் இருந்ததால்தானே விதி? கிறிசோஸ்தோமின் அந்தப் பிரசங்கங்களைப் பிற்காலத்தில் யூத வெறுப்புக்கு ஆயுதமாக எடுத்தவர்கள் அநேகர். இந்தக் கசப்பு நம் பண்டிகை நாட்காட்டியிலும் கலந்திருக்கிறது.

கீழ்வீட்டு சேச்சி சொன்ன கதைக்கு வருகிறேன். அவர்கள் கோட்டயம் பக்கத்து சுறியானி கிறிஸ்தவர்கள். பெரிய வியாழன் இரவு அவர்கள் வீட்டில் பெசஹா அப்பம் செய்வார்கள். அரிசியும் உளுந்தும் அரைத்து, புளிக்கவிடாமல் உடனே ஆவியில் வேகவைப்பது. மேலே குருத்தோலையில் ஒரு சிலுவை. குடும்பத்தின் மூத்தவர் ஜெபம் செய்து அதை வெட்டி, வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சிய பெசஹா பாலோடு வயசு வரிசையில் எல்லோருக்கும் கொடுப்பார். "மாவு தந்தீங்க, சந்தோஷம். ஆனா இதே அரிசி உளுந்துலதான் புளிப்பில்லாத அப்பமும் செய்யலாம்" என்றார்கள். பெசஹா என்ற பெயரே எபிரெய பெசாக்கின் சுறியானி வடிவம்தான். கத்தோலிக்கத் தமிழர்கள் பாஸ்கா என்றும் சீர்திருத்தச் சபைத் தமிழர்கள் பஸ்கா என்றும் சொல்வது அதே சொல்லை.

நம் ஜில்லாவிலேயே இன்னொரு கதை உண்டு. தாராவியில் பிறந்து வளர்ந்த எங்களைப் போன்ற திருநெல்வேலி நாடார் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குக்கூட அது தெரியாது. எனக்கும் நாற்பது வயசுக்கு மேல்தான் தெரிந்தது. நாசரேத்தில் உபதேசியாராக இருந்தவர் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை. மிஷனரியோடு மனக்கசப்பு, வேலை போனது. 1849-இல் கால்டுவெல் நாடார்களைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் சமுதாயத்தையே கொதிக்க வைத்தது. அதை எதிர்த்தவர்களில் சட்டாம்பிள்ளை முக்கியமானவர். 1857-இல் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் வெள்ளைக்காரர் தயவு இல்லாமல் தனிச் சபை தொடங்கினார். இந்துச் சபை என்றும் ஏக இரட்சகர் சபை என்றும் அதற்குப் பெயர். சனிக்கிழமை ஓய்வுநாள். பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகள், சடங்குகள். தரையில் அமர்ந்து, விழுந்து வணங்கி ஆராதனை. அவர் வாதத்தை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: வேதம் எபிரெயர்களிடமிருந்து வந்தது. அவர்கள் பழக்கமும் நம் பழக்கமும் எத்தனையோ விதத்தில் ஒத்துப்போகின்றன. அப்படியிருக்க, நடுவில் இங்கிலாந்துக்காரனின் பழக்கத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்? இன்றைக்கு யூடியூப் பார்த்துவிட்டு எபிரெய வேர்களைத் தேடுகிறவர்களுக்கு, அமெரிக்காவில் இருந்து வந்த புதுச் சரக்கு இது என்ற நினைப்பு. நம்மூரில் இதற்கு வயது 160-க்கு மேல்.

சரி, மும்பைக்கு வருவோம். மற்ற ஊர்த் தமிழர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு. இந்தப் பண்டிகைகளைத் தலைமுறை தலைமுறையாகக் கைவிடாத யூதர்கள் நமக்கு ஒரு லோக்கல் ரயில் தூரத்தில் இருக்கிறார்கள். மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் சாமுவேல் தெருவில், 1796-இல் தொடங்கிய ஷார் ஹரஹமிம் ஜெப ஆலயம். ஸ்டேஷன் பேரில் இருக்கிற மஸ்ஜித், உண்மையில் இந்த ஜெப ஆலயம்தான் என்று சொல்வார்கள். பைகுல்லாவில் 1864-இல் டேவிட் சசூன் கட்டிய மாகேன் டேவிட். காலா கோடாவில் 1884-இன் கெனெசத் எலியாஹு. 2008 தாக்குதலில் நரிமன் ஹவுஸ் யூத மையத்தில் நடந்ததற்குப் பிறகு இங்கெல்லாம் போலீஸ் காவல் இருக்கிறது. அடையாள அட்டை இல்லாமல் போகாதீர்கள்.

பெனே இஸ்ரவேலர் தங்கள் முன்னோர் அலிபாக் பக்கம் நவ்காவ் கரையில் கப்பல் உடைந்து ஒதுங்கியவர்கள் என்கிறார்கள். கொங்கண் கிராமங்களில் எண்ணெய் ஆட்டினார்கள். சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால் ஷன்வார் தேலி, சனிக்கிழமை எண்ணெய்க்காரர், என்று பேரானது. மற்ற யூதர்களோடு தொடர்பு அற்றுப்போன அந்த நூற்றாண்டுகளில் பண்டிகைகளுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர்கள் எல்லாம் மராத்தி. பாவநிவிர்த்தி நாள் கதவடைக்கும் பண்டிகை. எருசலேம் ஆலயம் இடிந்த துக்க நாள், முளைகட்டிய வால் பயறில் செய்யும் பிர்டா குழம்பின் பேரில். பஸ்காவுக்கு 'அனாசி டாக்காச்சா சண்'. புளிப்புச் சாறு ஜாடியை மூடி வைக்கும் பண்டிகை!

இதை முதன்முதலில் படித்தபோது எழுந்துபோய் அம்மாவிடம் சொன்னேன். அரிசி ரொட்டி சாப்பிடும் வீட்டில் கோதுமைப் புளிப்பு ஏது? ஆகவே புளிப்பு என்று வீட்டில் எது இருந்ததோ அந்த ஜாடியை மூடினார்கள். ரசத்தைச் சந்தேகப்பட்ட அம்மாவும், கொங்கண் யூதப் பாட்டிகளும் யோசித்தது ஒரே வழியில்தான். அம்மாவுக்கு அன்றைக்கெல்லாம் பெருமை தாங்கவில்லை.

பின்னாளில் கொச்சி, பாக்தாத் யூதர்களும், வேடிக்கை என்னவென்றால் கிறிஸ்தவ மிஷனரிகளும் பெனே இஸ்ரவேலருக்கு எபிரெயம் கற்றுத்தந்தார்கள். ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் வில்சன் மராத்தியில் எபிரெய இலக்கணமே எழுதினார். மதம் மாற்றத்தான் நினைத்திருப்பார். ஆனால் அந்தப் படிப்பால் அவர்கள் இன்னும் நல்ல யூதர்களாக ஆனார்கள். 1874-இல் பூனாவில் அச்சான பஸ்கா புத்தகத்தில் புடவை கட்டிய பெண்கள் தரையில் குந்தி உட்கார்ந்து மாட்ஸா சுடும் படம் இருக்கிறது. 1948-க்குப் பிறகு பெரும்பாலோர் இஸ்ரவேலுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் சில ஆயிரம் பேர். 2016-இல் மகாராஷ்டிர அரசு அவர்களுக்குச் சிறுபான்மையினர் தகுதி கொடுத்தது.

இவர்களை வைத்துத்தான் எனக்கு ஒரு கூச்சம் உண்டானது. சில விசுவாசிகள் தோளில் தாலித் என்னும் ஜெப சால்வை போட்டுக்கொண்டு, ஷோபார் எக்காளம் ஊதி, இஸ்ரவேல் கொடியைப் பீடத்தில் நிறுத்தி ஆராதனை செய்கிறார்கள். பெனே இஸ்ரவேல் வீட்டுப் பெரியவர் ஒருவர் அங்கே வந்து உட்கார்ந்தால் என்ன நினைப்பார்? சபையார் சேர்ந்து சாப்பிடும் நம் அசனப் பண்டிகையை வேறு மதத்தார் வேஷம் கட்டி நடத்தி, அதன் உண்மையான அர்த்தம் எங்களுக்குத்தான் தெரியும் என்று சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்?

இன்னொன்றும் இருக்கிறது. யூதர்கள் பஸ்கா இரவில் நடத்தும் செதேர் விருந்தின் நான்கு திராட்சரசக் கிண்ணங்களும் கேள்விகளும் சுமார் 200-இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்ட நூலில்தான் வரிசையாகக் கிடைக்கின்றன. ஆலயம் இருந்தவரை பஸ்கா என்றால் எருசலேமில் ஆடு அடிப்பது. உபாகமம் 16 வேறு ஊரில் அடிக்கக் கூடாது என்றே சொல்கிறது. 70-இல் ஆலயம் இடிந்தபின் ஆட்டின் இடத்தை மேசையும் கதையும் எடுத்துக்கொண்டன. ஆக, இயேசு மேல்வீட்டறையில் செய்ததை அப்படியே செய்கிறோம் என்று இன்றைய செதேரைக் காட்டுவது சரியில்லை. அந்த இராப்போஜனம் பஸ்கா விருந்தா, அதற்கு முந்தின இரவா என்பதிலேயே முதல் மூன்று சுவிசேஷங்களும் யோவானும் வேறுபடுகிறார்களே. எங்கள் வீட்டில் அன்றைக்கு மட்டன் சமைப்போம். அதைப் பஸ்கா ஆட்டுக்குட்டி என்று மட்டும் சொல்வதில்லை.

கட்டளை என்கிறவர்களிடம் நான் கேட்பதும் இதைத்தான். யாத்திராகமம் 12:48-இல் விருத்தசேதனம் இல்லாதவன் பஸ்காவைப் புசிக்க வேண்டாம் என்று இருக்கிறது. எழுத்துப்படி பார்த்தால் தாராவி தொண்ணூறு அடி சாலைத் தமிழன் பந்தியில் உட்காரவே முடியாது. அப்புறம் விருத்தசேதனத்துக்குப் போவீர்களா? அங்கே அதை எதிர்க்கிற கலாத்தியர் நிருபம் குறுக்கே நிற்கிறது. எருசலேமில் கூடிய அப்போஸ்தலர் புறஜாதியாருக்கு விதித்த நான்கு விலக்குகளில் பண்டிகை இல்லை. ஆலயமும் ஆசாரியனும் இல்லாத நாளில், பண்டிகைகளைப் பட்டியலிடும் லேவியராகமம் 23-ஐ முழுசாக ஆசரிக்கிறவர் உலகத்தில் எவருமில்லை. யூதர்களும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை.

எங்கள் போதகருக்கோ எதிர்ப்பக்கத்துக் கவலை. ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் பேர் சொல்லாமல் என்னைச் சொன்னார்: நிழலைப் பிடித்துக்கொண்டு நிஜத்தை விட்டவர்கள். கொலோசெயர் 2-ஐத்தான் காட்டினார். பண்டிகைநாளும் மாதப்பிறப்பும் ஓய்வுநாட்களும் வருங்காரியங்களுக்கு நிழல், பொருள் கிறிஸ்துவைப்பற்றினது. நான் மறுக்கவில்லை. ஆனால் அதே வசனம் இவற்றைக்குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருப்பானாக என்றுதானே தொடங்குகிறது? ரோமர் 14-இல் ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், வேறொருவன் எல்லா நாட்களையும் சரியாக எண்ணுகிறான், அவனவன் மனதில் நிச்சயம் இருக்கட்டும் என்கிறார் பவுல். அவரே பெந்தெகொஸ்தேக்கு எருசலேம் போய்ச் சேர வேண்டும் என்று கப்பலை எபேசுவில் நிறுத்தாமல் அவசரப்பட்டவர். பிரசங்கம் முடிந்து கை கொடுக்கும்போது அவரும் நானும் சிரித்துக்கொண்டோம்.

தேதி விஷயம் நம் ஆட்களுக்குச் சொன்னால் உடனே புரியும். எபிரெய மாதம் பிறையில் தொடங்குகிறது. பஸ்கா எப்போதும் பௌர்ணமியை ஒட்டியே வரும். பன்னிரண்டு சந்திர மாதம் சூரிய வருஷத்துக்குச் சுமார் பதினோரு நாள் குறைவு. அதைச் சரிக்கட்ட 19 வருஷத்தில் ஏழு முறை பதின்மூன்றாம் மாதம் சேர்ப்பார்கள். நம் மராத்திப் பக்கத்துவீட்டார் 'அதிக மாஸ்' என்று சொல்வதும் இதே கணக்குத்தான். அதனால்தான் 2024-இல் ஈஸ்டர் மார்ச் 31-இலும் பஸ்கா ஏப்ரல் 22 மாலையிலும் வந்தன. மாலை என்றது கவனம். எபிரெய நாள் பொழுது சாய்ந்தால் பிறக்கிறது.

இலையுதிர்காலத்தில் வரும் எக்காளப் பண்டிகையைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. வசந்தப் பண்டிகைகள் சிலுவையிலும் உயிர்த்தெழுதலிலும் பெந்தெகொஸ்தே நாளிலும் நிறைவேறின, இலையுதிர்காலத்துப் பண்டிகைகள் அவர் வருகையில் நிறைவேறும் என்று ஒரு விளக்கம் உண்டு. அழகான விளக்கம். ஆனால் வருஷா வருஷம் செப்டம்பர் பிறந்தால் 'இந்த எக்காளத்தில்தான் வருகை' என்று வாட்ஸ்அப்பில் கணக்குப் போட்டு அனுப்புகிறார்களே, அவர்களுக்கு, அந்த நாளை ஒருவனும் அறியான் என்கிற மத்தேயு 24:36-ஐத் திருப்பி அனுப்புவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கூடாரப்பண்டிகைதான் பிள்ளைகளுக்குப் பிடித்தது. கட்டிட மொட்டைமாடியில் பந்தல் போட சொசைட்டி செக்ரட்டரியிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். கணபதிக்குப் பந்தல் போட்ட மூங்கிலே மிச்சம் கிடந்தது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மேலே தென்னோலை. சட்டப்படி கூரையின் இடுக்கில் நட்சத்திரம் தெரிய வேண்டும். மும்பை வானத்தில் தெரிந்தது விமான விளக்குகள்தான். லேவியராகமம் 23:40 கனியும் கிளைகளுமாக நான்கு வகைகளைக் கேட்கிறது. நம் வேதாகமம் அதில் ஒன்றை 'ஆற்றலரி' என்கிறது. என் மகள் நேரே தாதர் பூ மார்க்கெட்டுக்குப் போய் அரளிக் கொத்து வாங்கி வந்துவிட்டாள். எபிரெயத்தில் அது ஆற்றோரத்தில் வளரும் வேறொரு மரம். அரளி விஷம், வாயில் வைக்காதே என்று சொல்லிப் பந்தல் காலில் கட்டினோம். அம்மாவுக்கு அந்த ஏழு நாளும் ஊர் ஞாபகம்தான்: ஸ்தோத்திரப் பண்டிகை, அசனம், வாழையிலையில் விழும் சோறும் கறிக்குழம்பும், ஆலயத்துக்குக் காணிக்கையாக வரும் முதல் நெல் மூட்டை.

அந்த முதல் வருஷப் பஸ்கா வாரம் எங்களுக்குச் சப்பாத்தியிலும் சோற்றிலும் ஓடியது. ஆறாம் நாள் என் மகன், எட்டாம் நாள் காலையில் தோசையா இட்லியா என்று கேட்க ஆரம்பித்தான். ஏழாம் நாள் பொழுது சாய்ந்ததும் அம்மா அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டாள். ராத்திரி அரைத்து உப்புப் போட்டுக் கையால் கலக்கி வைத்தாள். பழைய மாவு ஒரு கரண்டிகூட வீட்டில் இல்லை, புளிக்குமோ புளிக்காதோ என்று அவளுக்கு ஒரே கவலை. ஏப்ரல் மாத மும்பைப் புழுக்கத்தில் விடிவதற்குள் மாவு பொங்கி, தூக்கின் மூடியைத் தள்ளி, மேடையில் வழிந்திருந்தது.